காதலும் தவிப்பும்

அன்பார்ந்த நேயர்களுக்கு என் வணக்கம்.

மனநல ஆலோசகராக 22 ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன். காதலைப் பற்றிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வருபவர்கள் மிகக் குறைவு. தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலையில் கவனம் நிற்கவில்லை, அடிக்கடி நெஞ்சு படபடக்கிறது என்றுதான் வருவார்கள். ரத்தப் பரிசோதனை, ஈசிஜி எல்லாம் எடுத்து, எதிலும் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகு யாரோ சொல்லி என் அறைக்கு வந்திருப்பார்கள். அரைமணி நேரம் பேசிய பிறகே அந்தப் படபடப்புக்குப் பின்னால் ஒரு மனிதர் இருப்பது மெல்லத் தெரியவரும். அதைச் சொல்லும்போது அவர்களுடைய குரல் தாழ்ந்துவிடும். "ஆனால் நான் அவரை உண்மையாகத்தான் நேசிக்கிறேன்" என்று உடனே சேர்த்துச் சொல்வார்கள். அந்த 'ஆனால்' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஓர் இளம்பெண்ணிலிருந்து தொடங்குகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையெல்லாம் மாற்றிவிட்டுத்தான் சொல்கிறேன். வயது 24, மருந்துக்கடையொன்றில் வேலை. நாற்காலியில் உட்கார்ந்ததும் கைப்பேசியைத் திரை மேலே தெரியும்படி மடியில் வைத்துக்கொண்டார். நான் எந்தக் கேள்வியைக் கேட்டாலும், பதில் சொல்வதற்கு முன் ஒரு கணம் அதைப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டேன், பார்த்தார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன், பார்த்தார். யாருடைய அழைப்பையாவது எதிர்பார்க்கிறீர்களா என்று கேட்டபோது, "இல்லை மேடம், பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள பதில் போடலைன்னா அவருக்குக் கோபம் வந்துடும்" என்றார். அதைச் சொன்ன முகத்தில் குறை சொல்லும் பாவனை சிறிதும் இல்லை. மழை வந்தால் குடை எடுக்க வேண்டும் என்று சொல்வதைப் போல, மிகச் சாதாரணமாகச் சொன்னார்.

அவர்களுடைய பழக்கம் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. முதல் ஆறு மாதங்கள் கனவு போல இருந்ததாம். காலையில் கண் விழித்ததும் அவருடைய செய்தி, இரவு தூங்கும்வரை அவருடைய குரல், பேருந்து நிறுத்தத்தில் அவருடைய காத்திருப்பு. பிறகு ஒருநாள், காரணமே சொல்லாமல் இரண்டு நாட்கள் பேச்சை நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் கண்ணீரோடு வந்து நின்றார். தான் செய்தது தவறு என்றார், நீ இல்லாமல் எனக்கு யாருமில்லை என்றார், அன்று முழுதும் அப்படித் தாங்கினார். அதன்பின் இதுவே வழக்கமாயிற்று. நல்ல நாட்கள் குறைந்துகொண்டே வந்தன, மௌன நாட்கள் பெருகிக்கொண்டே போயின. தோழிகளோடு பேசுவது நின்றது. தபால்வழியில் படித்துக்கொண்டிருந்த பட்டப்படிப்பு பாதியில் நின்றது. இவ்வளவையும் சொல்லி முடித்த பிறகு அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை நான் மறக்கவே இல்லை. "அவரு திரும்பி வர்ற அந்த ஒரு நாளுக்காக மத்த நாளையெல்லாம் பொறுத்துக்கலாம்னு தோணும் மேடம்."

அதே வாரத்தில் ஐம்பது வயதைக் கடந்த ஒரு தம்பதியர், மகனுடைய படிப்பைப் பற்றிப் பேச வந்திருந்தார்கள். கணவர் மின்பணியாளர், மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். மகன் சோம்பேறி, பொறுப்பில்லாதவன் என்று கணவர் அடுக்கிக்கொண்டே போனபோது, மனைவி குறுக்கிட்டார். "அது அப்படி இல்லைங்க. உங்க பேச்சுக்குப் பயந்துதான் அவன் வீட்டுக்கே நேரங்கழிச்சு வர்றான்" என்றார். கணவர் பேச்சை நிறுத்தினார், முழங்காலைத் தடவிக்கொண்டார், சற்று நேரம் கழித்து "இருக்கலாம்" என்றார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் நான் கவனித்தது வேறு. அந்த அம்மையார் அந்தச் சொற்களைச் சொல்வதற்கு முன் கணவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. சொல்லலாமா, சொன்னால் என்ன ஆகும் என்று அளந்து பார்க்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. முப்பது ஆண்டு இல்வாழ்க்கையில் ஒருவருக்கு இது வாய்த்திருக்கிறது என்றால், அது சிறிய பேறு அன்று.

இந்த இரண்டு பெண்களில் யாருடைய அன்பு பெரியது என்று கேட்டால், பலர் அந்த இளம்பெண்ணையே சுட்டிக்காட்டுவார்கள். உறக்கம் கெட்டவர், உணவு மறந்தவர், அழுதவர் அவர்தானே. நம்முடைய பேச்சுவழக்கும் திரைப்பாடல்களும், தவிப்பு கூடக் கூடக் காதல் கூடுகிறது என்றே நமக்குச் சொல்லிவைத்திருக்கின்றன. இந்த அளவுகோல் தவறானது. அன்பின் வேகத்தை வைத்து அதன் தரத்தை அறிய முடியாது என்பதற்கு மூளை ஆய்வுகளிலேயே சான்று இருக்கிறது. காதலில் கைவிடப்பட்டு இன்னும் மீளாத 15 பேரிடம், பிரிந்துபோனவரின் படத்தைக் காட்டி, ஹெலன் ஃபிஷர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் மூளையைப் படம் எடுத்தார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வில், கோக்கைன் என்ற போதைப்பொருளுக்கு ஏங்குபவர்களின் மூளையில் தூண்டப்படும் சில பகுதிகள் இவர்களிடமும் தூண்டப்பட்டிருந்தன. இந்தச் செய்தி உலகெங்கும் பரவி, காதல் ஒரு போதை என்ற பேச்சுக்கு வலுச் சேர்த்தது. ஆனால் 2012இல் வந்த மற்றொரு ஆய்வை ஏனோ அதிகம் பேர் பேசுவதில்லை. சராசரியாக 21 ஆண்டுகள் மணவாழ்க்கை நடத்திய பிறகும் துணைமேல் தீராக் காதலோடு இருப்பதாகச் சொன்ன 17 பேரைப் பியாங்கா அசெவெடோ என்ற ஆய்வாளரின் குழுவினர் ஆராய்ந்தபோது, வேட்கையைத் தூண்டும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் அதே மூளைப் பகுதி அவர்களிடமும் தூண்டப்பட்டது. ஆகவே, காதலின் கிளர்ச்சி நலமான உறவிலும் உண்டு, நலமற்ற உறவிலும் உண்டு. ஓயாத பதற்றமும், வேறெதையும் எண்ணவிடாத பிடியும் உடன் இருக்கின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. காதல் அடிமைத்தனம் என்று ஒரு நோய், மனநல மருத்துவர்கள் கையாளும் 2013ஆம் ஆண்டின் அமெரிக்க வகைப்பாட்டிலும் இல்லை, உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டிலும் இல்லை. அப்படி ஒரு பெயரை யாருடைய நெற்றியிலும் ஒட்டுவதற்கு நானும் விரும்பவில்லை. குடிக்கும் சூதுக்கும் ஆட்பட்டவரிடம் காணும் சில குணங்கள் சில உறவுகளிலும் தென்படுவதால், விளங்கிக்கொள்ள வசதியாக 'அடிமைப் பிணைப்பு' என்று நான் வழங்கிவருகிறேன். இன்னும் வேண்டும் என்ற தாகம், கிடைக்காதபோது உடல் படும் பாடு, கெடுதல் என்று தெரிந்தும் விட முடியாமை, மற்ற எல்லாம் சுவையற்றுப் போவது ஆகியவையே அந்தக் குணங்கள்.

தமிழுக்கு இந்த வேறுபாடு புதியதன்று. தொல்காப்பியம் அகத்தை ஏழு திணைகளாக வகுத்து, நடுவில் நிற்கும் ஐந்தை மட்டுமே 'அன்பொடு புணர்ந்த ஐந்திணை' என்று சிறப்பிக்கிறது. ஒருதலைக் காமமாகிய கைக்கிளையும், பொருந்தாக் காமமாகிய பெருந்திணையும் இரு ஓரங்களில் நிற்கின்றன. பெருந்திணைக்கு உரியனவாகச் சொல்லப்படும் நான்கில் இரண்டைப் பாருங்கள். ஒன்று, 'தேறுதல் ஒழிந்த காமத்து மிகுதிறம்'. மற்றொன்று, 'மிக்க காமத்து மிடல்'. தேறுதல் என்ற சொல்லில் தெளிவும் உண்டு, ஆறுதலும் உண்டு. இரண்டும் நீங்கி வேட்கை மட்டும் மிகுந்து நிற்கும் நிலையை ஐந்திணைக்குள் சேர்க்காமல் புறத்தே வைத்தார்கள். மிடல் என்றால் வலிமை. வேட்கை மிகுந்து வன்மையாக மாறும் இடத்தையும் அதே ஓரத்தில்தான் வைத்தார்கள். ஐந்திணையில் ஏக்கம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். முல்லையின் இருத்தலும் நெய்தலின் இரங்கலும் ஏக்கமேயன்றி வேறென்ன? ஆனால் அந்தத் தலைவி தோழியிடம் பேசுகிறாள், தோழி ஆற்றுவிக்கிறாள், கார்காலம் வந்ததும் தலைவன் தேர் ஏறுகிறான். அந்த ஏக்கத்தைச் சுற்றி மனிதர்கள் இருக்கிறார்கள், அதற்கு ஒரு கரையும் இருக்கிறது.

கரையற்ற ஏக்கம் எப்படி உண்டாகிறது என்பதை விளங்கிக்கொண்டால், அதில் சிக்கியவர்களை அறிவில்லாதவர்கள் என்று ஏச நமக்கு மனம் வராது. ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகள் இதற்கு உதவும். ஒரு விசையைக் கொத்தினால் தானியம் விழும். இத்தனை முறை கொத்தினால் விழும் என்று ஒழுங்கு இருந்தபோது, தானியம் கிடைத்ததும் புறா சற்று ஓய்ந்து பிறகு கொத்தியது. எப்போது விழும் என்று தெரியாதபடி மாற்றி மாற்றிக் கொடுத்தபோது, அது ஓய்வில்லாமல் கொத்தியது. தானியத்தை அடியோடு நிறுத்திய பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருந்தது. 2003இல் தமிழ்நாட்டில் தடை வருவதற்கு முன்னால், கூலிப் பணத்தை லாட்டரிச் சீட்டில் தொலைத்த குடும்பங்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். எப்போதோ விழுந்த நூறு ரூபாய்ப் பரிசுதான் அவர்களை மறுபடியும் மறுபடியும் அந்தக் கடைக்கு இழுத்தது. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளரின் குழுவினர் குரங்குகளிடம் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு விதமாகக் காட்டியது. இனிப்புச் சாறு நிச்சயம் வரும் என்றபோதும், நிச்சயம் வராது என்றபோதும், காத்திருக்கும் நேரத்தில் டோபமின் நரம்பணுக்கள் பெரிதாகப் பரபரக்கவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதியாக இருந்தபோதே அந்தப் பரபரப்பு உச்சத்தில் இருந்தது. அந்த மருந்துக்கடைப் பெண்ணின் மடியில் இருந்த கைப்பேசியை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். எப்போதும் அன்பாக இருப்பவரிடம் அவ்வளவு பரபரப்பு வராது. எப்போதும் கொடுமையாக இருப்பவரை விட்டு விலகிவிடுவோம். இனிமையும் கொடுமையும் முன்னறிவிப்பின்றி மாறி மாறி வரும்போதுதான் மனம் அங்கேயே கட்டுண்டு கிடக்கிறது. பெருங்காதல் என்று அவர் எண்ணியதில் பெரும்பகுதி, அடுத்து என்ன வரும் என்று தெரியாத அச்சமும், வந்தபோது அந்த அச்சம் நீங்கிய நிம்மதியும்தான்.

அப்படியானால் நலமான அன்பு எப்படி இருக்கும்? மேரி ஐன்ஸ்வொர்த் என்ற ஆய்வாளர், 1960களிலும் 70களிலும் பால்டிமோர் நகரில் ஒரு வயதையொட்டிய குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு எனக்கு இதில் நல்ல வழிகாட்டி. பொம்மைகள் நிறைந்த ஓர் அறையில் தாயும் குழந்தையும் இருப்பார்கள். சற்று நேரத்தில் தாய் வெளியே போவார், பிறகு திரும்பி வருவார். தாய் போகும்போது குழந்தை அழுததா என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாதுகாப்பாக உணரும் குழந்தையும் அழத்தான் செய்யும். தாய் திரும்பி வந்ததும் குழந்தை என்ன செய்தது என்பதே அவருக்கு முக்கியமாக இருந்தது. தாயின் அன்பை நம்பிய குழந்தை, ஓடிவந்து தோளில் சாய்ந்து, ஆறி, இறங்கி மறுபடியும் பொம்மைகளிடம் போய்விடும். நம்ப முடியாத குழந்தையோ தாயைப் பிடித்துக்கொண்டே அழும், தூக்கினால் உதைக்கும், இறக்கினால் கதறும். விளையாட்டு அதற்கு மறந்தே போய்விடும். 1987இல் ஹாசன், ஷேவர் என்ற இருவர் இதே வடிவங்கள் வளர்ந்தவர்களின் காதலிலும் இருப்பதாக எடுத்துக்காட்டினார்கள். என் அறையில் நான் கேட்கும் முதல் கேள்வியும் இதிலிருந்து பிறந்ததுதான். அவரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு உங்கள் வேலைக்கு, உங்கள் படிப்புக்கு, உங்கள் தோழிகளிடத்துக்கு மனம் நிறைந்து திரும்ப முடிகிறதா? அல்லது, அவரைப் பார்க்கும்போதும் தவிப்பு, பார்த்துவிட்டு வந்த பிறகும் தவிப்பு என்றுதான் நாள் கழிகிறதா?

இன்னொன்று, 'வேண்டாம்' என்ற சொல். இதைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பல ஆண்டுப் பழக்கத்தில் தெரியாதது இந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடும். பெரிய விஷயங்களில் தேட வேண்டியதில்லை. இன்று எனக்கு வெளியே வர மனமில்லை, இந்தப் படம் வேண்டாம், இந்தச் சேலை எனக்குப் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள். மற்றவருக்கு வருத்தம் வரலாம், முகம் வாடலாம், ஏன் என்று கேட்கலாம். அது இயல்பு. ஆனால் அந்தச் சின்ன மறுப்புக்கு ஒரு தண்டனை வருகிறதா? இரண்டு நாள் மௌனமா, பழைய கணக்கெல்லாம் எடுத்து வைப்பதா, 'உனக்கு என்மேல் பாசமே இல்லை' என்ற வழக்கா? அப்படி வந்தால், அடுத்த முறை அந்தச் சொல் வாயிலிருந்து வராது. ஓராண்டில் அது மனத்திலிருந்தும் போய்விடும். தனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் விழிக்கும் பெண்களை, ஆண்களையும்தான், நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சண்டையே இல்லாத உறவுதான் நல்ல உறவு என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். ஊடலுக்கென்று தனி அதிகாரங்களே வகுத்த வள்ளுவர், 'உப்பமைந் தற்றால் புலவி அதுசிறிது மிக்கற்றால் நீள விடல்' என்றார். உணவுக்கு உப்பு எந்த அளவோ அந்த அளவுதான் ஊடல். நீளவிட்டால் உப்பு மிகுந்த சோறு போல ஆகிவிடும் என்பது கருத்து. இந்தக் குறளை நான் தம்பதியரிடம் அடிக்கடி சொல்வேன். ஊடலில் கதவு சாத்தியிருந்தாலும் தாழ் போட்டிருக்காது. யார் முதலில் தட்டினாலும் திறக்கும் என்பது இருவருக்கும் தெரியும், சில நாள் இவர் தட்டுவார், சில நாள் அவர் தட்டுவார். அடிமைப் பிணைப்பில் தட்டுபவர் எப்போதும் ஒருவரே. எதற்காக மன்னிப்புக் கேட்கிறோம் என்று தெரியாமலே அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார்.

கைப்பேசியின் கடவுச்சொல்லைக் கேட்பது, எங்கே இருக்கிறாய் என்று நொடிக்கு நொடி வரைபடத்தில் பார்ப்பது, கடைசியாக எப்போது இணையத்தில் இருந்தாய் என்று விசாரிப்பது ஆகியவற்றைப் பற்றி இன்று நிறையப் பேசப்படுகிறது, நான் விரிக்கவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். "அவன் ரொம்ப பொசசிவ்" என்று நம் பிள்ளைகள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. தன்னை ஒருவர் உடைமையாக எண்ணுவதை, தன்மேல் கொண்ட அன்புக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அந்தப் பிள்ளை அன்புக்கு ஏங்கியிருக்கிறது.

இனி, பெற்றோரிடம் ஒரு வார்த்தை. நான் இதுவரை சொன்னவற்றை எடுத்துக்கொண்டு, உங்கள் மகளோ மகனோ விரும்பியவரை விலக்குவதற்கு ஒரு கருவியாக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வேறு சாதியில், வேறு மதத்தில் ஒருவரை விரும்பி, அதில் உறுதியாக நிற்கும் பிள்ளையைப் பார்த்து 'மயக்கம்', 'வசியம்', 'புத்தி பேதலிப்பு' என்று சொல்லி என்னிடம் அழைத்துவந்த பெற்றோர் உண்டு. அந்தப் பிள்ளைகளில் பலர் நன்றாக உறங்கினார்கள், நன்றாகப் படித்தார்கள், தங்கள் துணையைப் பற்றி நிதானமாகப் பேசினார்கள். பெற்றோருக்குக் கீழ்ப்படியாததைத் தவிர அவர்களிடம் எந்த நோய்க்குறியையும் நான் காணவில்லை. அதை அப்படியே சொல்லி அனுப்பினேன். அதே வேளையில், நாம் மூடும் கதவுகள்தான் பல பெண்களை உண்மையிலேயே கொடியவரிடம் கட்டிப்போடுகின்றன. வீட்டுக்குத் தெரியாமல் பழகும் பெண்ணுக்கு, அவன் முதன்முதலில் கன்னத்தில் அறைந்தபோது சொல்லி அழ ஆளில்லை. வீட்டை எதிர்த்து மணம் செய்துகொண்டவளுக்கு, 'நாங்க அப்பவே சொன்னோமே' என்ற ஒரு வாக்கியம் பிறந்த வீட்டுப் படியைக் கடக்க முடியாத மதிலாகிவிடுகிறது. பெரியோர் பார்த்துச் செய்துவைத்த மணத்திலும் இதே பிணைப்பு உண்டு. அங்கே அதற்குப் பெயர் பொறுமை. உங்கள் பிள்ளை யாரை மணந்திருந்தாலும், எப்போது வந்தாலும், ஏன் என்று கேட்காமல் ஒரு தட்டில் சோறு வைப்போம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும்.

'நீ என்னை விட்டுப் போனால் செத்துவிடுவேன்' என்ற மிரட்டலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கையைக் கீறிக்கொண்டு அதைப் படம் எடுத்து அனுப்புபவர்கள் உண்டு. அதை நடிப்பு என்று தள்ளிவிடவும் கூடாது, அதற்காகவே உறவில் தங்கிவிடவும் கூடாது. சொல்பவருக்கு உண்மையிலேயே உதவி தேவை. அந்த உதவியை அவருடைய குடும்பத்தாரும் மருத்துவரும்தான் தர முடியும். உடனே அவர் வீட்டில் ஒருவருக்குத் தெரிவித்துவிடுங்கள். 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் டெலி மனஸ் மனநல உதவி இரவு பகலாக, கட்டணமின்றி, தமிழிலும் கிடைக்கிறது. அடி, மிரட்டல், பின்தொடர்தல் என்று வந்துவிட்டால் அது ஆலோசனையோடு முடிகிற காரியம் இல்லை. பெண்களுக்கான 181 என்ற எண்ணை அழைக்கலாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம், சொல்லாலும் மனத்தாலும் துன்புறுத்துவதையும் வன்முறை என்றே சொல்கிறது. திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்கும் அது பொருந்தும். விருப்பமில்லை என்று சொன்ன பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும், அவளுடைய இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும், 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி குற்றம்.

அந்த மருந்துக்கடைப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவரை விட்டுவிடுங்கள் என்று நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னிடமிருந்தும் ஒளிக்கத் தொடங்கியிருப்பார். ஒரு சிறிய குறிப்பேடு வாங்கி, ஒவ்வொரு நாளும் மூன்று வேளை, அந்த நேரத்தில் உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதச் சொன்னேன். நான்கு வாரங்கள் கழித்து அதை அவரே உரக்கப் படித்தார். 'வயிறு இறுக்கம்' என்ற சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வந்தன. அந்தக் காதலர் திரும்பி வந்து தாங்கிய 'நல்ல நாள்' அந்த நான்கு வாரத்தில் ஒன்றே ஒன்று இருந்தது, அன்றைய மாலைக் குறிப்பிலும் 'வயிறு இறுக்கம்' இருந்தது. படித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். அதன்பின் பிரிந்தார், பத்து நாளில் திரும்பிப் போனார், மறுபடியும் பிரிந்தார். திரும்பிப் போவதைத் தோல்வி என்று நான் எண்ணுவதில்லை. குடியை நிறுத்துபவரும் அப்படித்தான் நிறுத்துகிறார். முதல் சில வாரங்கள் காய்ச்சல் கண்டவர் போல இருந்தார், இரவில் எழுந்து கைப்பேசியைத் துழாவினார். அந்த நாட்களில் அவருடைய பழைய தோழி ஒருத்தி அவரோடு வந்து தங்கினாள். அறிவுரை எதுவும் சொல்லாமல், இரண்டு பேருமாக ராத்திரி தோசை சுட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்கள். என்னுடைய ஆலோசனையைவிட அந்தத் தோசை அதிகம் செய்தது என்று நம்புகிறேன். முன்பு சொன்ன 2010ஆம் ஆண்டு ஆய்விலும், பிரிந்து நாளாக ஆக, பிணைப்போடு தொடர்புடைய ஒரு மூளைப் பகுதியின் தூண்டல் குறைந்திருந்தது. எட்டாவது மாதத்தில் ஒருநாள் என் அறையிலிருந்து கிளம்பிப் போன அவர், பாதிப் படியிலிருந்து திரும்பி ஓடிவந்தார். கைப்பேசியை நாற்காலியிலேயே மறந்து வைத்துவிட்டிருந்தார்.

பிடியில் இருப்பவரைப் பற்றியே பேசிவிட்டேன். இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில், பிடித்து வைத்திருப்பவரும் ஒருவர் இருக்கக்கூடும். அவருக்கும் சொல்ல எனக்குச் செய்தி உண்டு. மனைவி வற்புறுத்தாமல், தானாகவே என்னிடம் வந்த ஓர் இளைஞர் இருந்தார். "அவ போனை எடுக்கலைன்னா எனக்கு உலகமே இருட்டிப் போகுது மேடம். நான் கத்துறது தப்புன்னு தெரியுது, ஆனா அந்த நேரத்துல நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார். பத்து வயதில் தாயை இழந்தவர். பள்ளியிலிருந்து வந்தபோது வீட்டு வாசலில் கூட்டம் நின்றதைத்தான், ஒவ்வொரு முறை அழைப்பு எடுக்கப்படாதபோதும் அவர் மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தார். இது அவருடைய கூச்சலை நியாயப்படுத்தாது. ஆனால் மாற்றத்துக்கு ஓர் இடத்தைக் காட்டியது. 'ஒருதலையான் இன்னாது காமம்காப் போல இருதலை யானும் இனிது' என்பார் வள்ளுவர். கா என்பது தோளில் சுமக்கும் காவடித்தண்டு. இரு பக்கமும் ஒத்திருந்தால்தான் சுமக்க இயலும். தன்னுடைய பத்து வயதின் பாரத்தை முழுவதும் மனைவியின் பக்கம் ஏற்றிவைத்திருந்ததை அவர் மெல்ல மெல்லப் புரிந்துகொண்டார். அழைப்பு எடுக்கப்படாவிட்டால் மறுபடி அழைக்காமல், நேரத்தை ஒரு தாளில் எழுதி, மனைவி திரும்ப அழைக்கும்வரை அந்த அச்சத்தோடு வெறுமனே உட்கார்ந்திருக்கும்படி சொன்னேன். அடுத்த வாரம் அந்தத் தாளைக் கொண்டுவந்தார். மாலை 7.10 என்று எழுதியிருந்தது. பேனா அழுத்தியதில் தாள் கிழிந்திருந்தது. அதன் கீழே 7.20, 7.30 என்று எழுதி அடித்திருந்தது. கடைசியாக 7.42 என்று எழுதி, பக்கத்தில் சிறிய எழுத்தில், 'பஸ்ஸில் இருந்தாளாம், கூட்டம்' என்று எழுதியிருந்தார்.

வணக்கம்.